96 கோதாக்கள், 24 வெற்றிகள்: லாம்டாவின் புதுப் பிடி

மல்யுத்தத்தை நெடுங்காலம் பார்த்துப் பழகியவர்கள், தோற்றவன் மண்ணில் சாய்ந்த கணத்தைவிட, அதற்கு முன் எந்தப் பிடிக்கு அஞ்சி எந்தப் பக்கம் உடம்பை ஒதுக்கினான் என்பதையே கவனிப்பார்கள். தற்காப்புக்கென்று எடுத்து வைத்த அடியே பல சமயங்களில் எதிரிக்கு வழிவிட்டுக் கொடுத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத இரு மல்லர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருதிய பந்தயத்தின் முடிவு 2012-ல் வெளியானபோது, இந்த உண்மை சூக்ஷ்ம உலகத்துக்கும் பொருந்தக் கண்டு நான் பேருவகை அடைந்தேன்.

ஒரு பக்கம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா, மறு பக்கம் அதனுள் புகுந்து பெருகி அதையே வெடிக்கச் செய்யும் லாம்டா என்னும் வைரஸ். ஜஸ்டின் மேயரும் ரிச்சர்ட் லென்ஸ்கியும் அவர்களுடைய சகாக்களும் இவ்விருவரையும் 96 தனித்தனிக் குடுவைகளில் இறக்கி, நாள்தோறும் ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கை மட்டும் புதிய ஊட்டநீருக்கு மாற்றி, 20 நாட்கள் போராட விட்டார்கள்.

ஆரம்பத்தில் லாம்டாவுக்குத் தெரிந்த பிடி ஒன்றே ஒன்றுதான். மால்டோஸ் சர்க்கரையை உள்ளே விடுவதற்காகப் பாக்டீரியா தன் புறச்சவ்வில் வைத்திருக்கும் லாம்-பி என்ற துவாரத்தை, தன் வால் நுனியிலுள்ள ஜே புரதத்தால் அது பற்றிக்கொள்ளும். இதற்குப் பாக்டீரியா கண்ட முதல் மாற்று, உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ளும் மல்லனின் யுக்தியை ஒத்தது: லாம்-பி துவாரத்தை உண்டாக்கத் தூண்டும் மரபணு பழுதான செல்களே தப்பிப் பிழைத்துப் பெருகின. ஆனால் அந்தக் காப்பு பூரணமானதன்று. அந்தச் சந்ததியிலும் எப்போதாவது ஒரு சில செல்கள் லாம்-பியைத் தாமாகவே வெளிக்காட்டின. அந்த அற்ப ஆகாரத்தைக் கொண்டே லாம்டா உயிர் தரித்தது.

ஆட்டத்தின் திருப்புமுனை இங்கேதான். பிடிக்கக் கிடைப்பது அரிதாகிவிட்டபோது, கிடைத்ததை நழுவவிடாமல் பற்றும் லாம்டாக்களுக்கே வாழ்வு என்றாயிற்று. ஜே புரதத்தில் பழைய பிடியை இறுக்கிய மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றில் தேவையான நான்கு மாற்றங்களும் ஒருங்கே கூடியபோது, லாம்-பியோடு ஓம்ப்-எஃப் என்ற வேறொரு துவாரத்தையும் பற்றும் ஆற்றல் பிறந்தது. மூன்று இருந்து ஒன்று குறைந்தாலும் அந்தப் புதுப் பிடி இல்லை. லாம்-பி அறவே இல்லாத பாக்டீரியாக்கள் மங்கலான படலமாகப் பரவியிருந்த தட்டில், அதுவரை எந்த லாம்டாவாலும் தொட முடியாத அந்தப் படலத்தில், தெளிந்த சிறு வட்டங்கள் தோன்றியதே இதற்குச் சாட்சி. 96-ல் 24 குடுவைகள் இந்த வெற்றியைக் கண்டன.

ஏனைய குடுவைகளில் லாம்டா ஏன் தவறியது? பலவற்றில் பாக்டீரியா இரண்டாவது தாழ்ப்பாளையும் போட்டுவிட்டது. லாம்டா தன் மரபுப் பொருளை உட்சவ்வினூடே செலுத்தத் துணையாயிருந்த மானோஸ் சர்க்கரைக் கடத்தி அங்கே மாறிப்போயிற்று. வெளியே எத்தனை இறுகப் பற்றினாலும் உள்ளே நுழைய முடியாதபோது, புதுப் பிடியால் அனுகூலம் ஏது?

மனித மல்லன் தோற்ற பாடத்தை மறுநாள் பயிற்சியில் திருத்திக்கொள்வான், இங்கே அப்படியில்லை. வைரஸை எதிர்க்கும் பாக்டீரியா, வைரஸைச் சந்திக்கும் முன்னரே தற்செயலான மாற்றத்தால் பிறந்திருக்கிறது என்பதை 1943-லேயே லூரியாவும் டெல்ப்ரூக்கும் நிரூபித்தார்கள். வீரன் கற்பதில்லை, அணியே மாறுகிறது. ஆயினும் அந்த மாற்றத்துக்கு ஒரு திசை உண்டு. பக்லிங், ரெய்னி ஆகிய இருவர் சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸ் என்ற பாக்டீரியாவையும் அதன் வைரஸையும் சேர்த்து வளர்த்து, இடையிடையே உறையவைத்திருந்த பழைய தலைமுறைகளை மீண்டும் களமிறக்கி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியா நேற்றைய வைரஸை எளிதில் வென்றது; நாளைய வைரஸிடம் தடுமாறியது.

இந்தப் பந்தயம் மருத்துவருக்கு இன்று மிக அவசியமான ஒரு பாடத்தைத் தருகிறது. யேல் பல்கலைக்கழகத்தார் 2020-ல் ஆராய்ந்த யு136பி என்ற வைரஸ், மருந்துகளை வெளியேற்றும் ஈ. கோலியின் பம்பில் ஒரு பாகமான டோல்-சி புரதத்தையும் புறச்சவ்வின் கொழுப்புச் சர்க்கரையையும் பிடியாகக் கொண்டது. இந்தப் பிடிக்குத் தப்ப டோல்-சியைக் கைவிட்ட பாக்டீரியா, டெட்ராசைக்ளின் மருந்துக்கு எளிதில் இரையாயிற்று. கொழுப்புச் சர்க்கரையை மாற்றிக்கொண்டு தப்பியவற்றின் கதை வேறு; அவற்றில் சில எந்த நஷ்டமும் இன்றியே தப்பின. ஆகையால் நோயாளியின் படுக்கையருகே வைரஸைப் பிரயோகிக்கும் முன்பு, அது எத்தனை கிருமிகளை வீழ்த்துகிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், தப்பும் கிருமி எந்தப் பக்கம் உடம்பை ஒதுக்கும், அந்தப் பக்கத்தில் நம்முடைய மருந்து காத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.