சுமார் பன்னிரண்டு

1936 ஜூலை 30இல் புதுச்சேரி சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்ற தொழிலாளர்கள் 12 பேர். இதையே நம்மவர் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் 'எ டஜன் ஆர் ஸோ' என்று கை தானாகப் போகிறது. அடக்கமாக எழுதுகிறோம் என்ற நினைப்பு வேறு.

ரோடியர் மில் இருந்த முதலியார்பேட்டையில் ஒருத்தர் 'ஏழெட்டுப் பேரு இருக்கும்' என்றால் அந்தப் பேச்சுக்கு மேலும் கீழும் வரம்பு உண்டு. சொல்பவர் தலைகளைப் பார்த்திருக்கிறார். 'ஆர் ஸோ'வுக்கு அது கிடையாது. எண்ண முடியாதபோது 'சுமார்' நேர்மைதான், கத்தரிக்காய் விலைக்கும் சரிதான். எண்ணி முடித்த பிணங்களுக்கு முன்னால் அதைப் போடுவது யாருடைய சௌகரியத்துக்கு? அடித்துவிட்டு வெறும் 12 என்று எழுதிப் பாருங்கள். வாசிப்பவன் அடுத்து பெயர்களைக் கேட்பான்.