குறிகளை எண்ணியவர் யார்?

சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டோம் என்ற செய்தி அடிக்கடி நம் காதில் விழுகின்றது. படித்தவர் அதைத் தமிழ் என்றால் மகிழ்கிறோம். வடமொழி என்றால் சினக்கிறோம். அவர் எந்தச் சான்றுத் தொகுதியைக் கொண்டு படித்தார், அத்தொகுதியை வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க இயலுமா என்று கேட்போர் மிகச் சிலரே. அண்மைக்காலத்தில் ‘கணிப்பொறியே காட்டிவிட்டது’ என்னும் பேச்சும் சேர்ந்துகொண்டமையால் அக்கேள்வி அடியோடு மறைந்துபோகும் போலிருக்கிறது. ஆனால் நாம் அதிகம் கேள்விப்படும் அத்தகைய ஆய்வுகளில் கணிப்பொறி முத்திரையை நேரே பார்த்ததில்லை. ஒருவர் பார்த்து, இஃது இன்ன குறி என்று எண்ணிட்டுக் கொடுத்ததையே அது கூட்டிக் கழித்துத் தந்தது. ஆகவே, எண்ணிட்டவர் யார், எப்படி எண்ணிட்டார் என்பதே முதற்கண் ஆராயத் தக்கது.

இதற்கு நல்லதோர் அளவுகோல் நம்மிடம் உண்டு. ஐராவதம் மகாதேவன் தொகுத்து, இந்தியத் தொல்லியல் துறை தன் 77ஆம் நினைவேடாக 1977-இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொடரடைவே அது. 2,906 பொருள்கள், அவற்றில் 3,573 வரிகள், அவ்வரிகளில் 13,372 இடங்களில் வரும் 417 குறிகள். ஆட்சிப் பணியில் இருந்த ஒருவர், அக்காலக் கணிப்பொறியின் துணைகொண்டு, இதனைச் செய்து முடித்தார் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அடைவு நூல் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவைக் கையாண்டவர்கள், ஒரு சொல் எந்தெந்தப் பாட்டில் வருகின்றது என்பதை நொடியிற் கண்டிருப்பார்கள். மகாதேவன் நூல் பொருள் தெரியாத குறிகளுக்கு இப்பணியைச் செய்கின்றது. ஒரு குறி வரும் வரிகளையெல்லாம், அக்குறி ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு, ஒன்றன்கீழ் ஒன்றாக அது அடுக்கித் தருகின்றது. அடுக்கிப் பார்க்கும்போது, வலமிருந்து இடமாகச் செல்லும் வரிகளின் இறுதியிலே குடம் போன்ற குறி மீண்டும் மீண்டும் வந்து நிற்பது கண்ணுக்கே புலனாகும். வரும் குறிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று அக்குடமே. அது விகுதியா, பட்டமா, வேறு எதுவுமா என்பது பின்னர் வரும் வழக்கு. மொழி இன்னதென்று தெரியாத நிலையிலேயே இவ்வளவு தெரிகின்றதே, அதுதான் தொடரடைவின் ஆற்றல். முத்திரை எந்த ஊரில் கிடைத்தது, எவ்வகைப் பொருள், அதில் ஒற்றைக்கொம்பு விலங்கு உண்டா என்ற செய்திகளும் நூலில் உள்ளன.

இனி, அந்த 417 என்னும் எண்ணைச் சற்று உற்று நோக்குவோம். மீன் குறி ஒன்று. மீனின் மேல் கூரை போன்ற கோடிட்ட குறி மற்றொன்று. இவை இரண்டு எழுத்தா, ஒரே எழுத்தின் இரு வடிவமா, மீனும் கோடும் சேர்ந்த கூட்டெழுத்தா? தமிழ் அறியாத ஒருவர் நம் ஏடுகளைப் பார்த்துக் ககரத்தையும் கிகரத்தையும் தனித்தனி எழுத்தாக எண்ணலாம். ககரமும் ஒரு கொக்கியும் என்றும் எண்ணலாம். இரண்டிற்கும் நியாயம் உண்டு. எஸ். ஆர். ராவ் சிந்துவெளிக் குறிகளைப் பிரித்துப் பிரித்து அடிப்படைக் குறிகள் ஏறத்தாழ 60 என்றார். வடிவ வேறுபாடுகளையெல்லாம் தனிக் குறிகளாகக் கொண்ட பிரையன் வெல்ஸ் 676 என்றார். முத்திரைகள் அவையேதாம், எண்ணிக்கையோ பதின்மடங்கு வேறுபடுகின்றது. அறுபது என்றால் அஃது ஒலியெழுத்து ஆகலாம்; நானூறு என்றால் சொல்லையும் அசையையும் கலந்து குறிக்கும் எழுத்து ஆகலாம். எழுத்தின் இயல்பையே முடிவு செய்யும் ஒரு தீர்ப்பு, எண்ணும் வேலை தொடங்குமுன்னரே அளிக்கப்பட்டுவிடுகின்றது!

மகாதேவனின் தீர்ப்பும் தீர்ப்பே. அதில் குறை காணலாம்; கண்டும் இருக்கிறார்கள். அவர் நூலில் குறிகள் ஒழுங்குபடுத்திய வடிவில் அச்சாகியிருப்பதால், முத்திரை வெட்டியவன் கை எப்படிச் சென்றது என்பது அதில் தெரியாது. அதற்கு அஸ்கோ பர்ப்போலா முதலியோர் 1987 முதல் வெளியிட்டு வந்த நிழற்படத் தொகுதிகளையே நாட வேண்டும். 1990-க்குப் பின் தோளாவீராவில் வெளிப்பட்ட பத்துக் குறிகள் கொண்ட பெரிய பலகை எழுத்தும் அதில் இல்லை, இருக்கவும் இயலாது. நூற்றுக்கு மேற்பட்ட குறிகள் ஒரே ஒருமுறைதான் வருகின்றன. அவற்றுள் எத்தனை உண்மையில் வேறு குறிகளின் திரிபுகளோ! ஆனால் இவற்றையெல்லாம் நாம் சொல்ல முடிகின்றது என்பதையும் மறந்துவிடக் கூடாது. எந்தக் குறியை எந்த வரியில் எப்படிக் கொண்டார் என்று அவரே அச்சிட்டுக் காட்டினார். திராவிடக் கருதுகோளைச் சார்ந்தவராயினும், மாற்றுக் கொள்கையினர் தமக்கெதிராக எடுத்தாளக் கூடிய கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்தார்.

அப்படி எடுத்தாளவும் செய்தார்கள். 2004-இல் ஸ்டீவ் பார்மர், ரிச்சர்ட் ஸ்புரோட், மைக்கேல் விட்செல் ஆகிய மூவரும் இஃது எழுத்தே அன்று, வெறும் சின்னங்கள் என்று எழுதியபோது மகாதேவனின் எண்ணிக்கைகளையும் பயன்கொண்டனர். 2009-இல் இராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா முதலியோர் மகாதேவனையும் சேர்த்துக்கொண்டு ‘சயன்ஸ்’ இதழில் மறுமொழி போன்றதொரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு குறி வந்தபின் அடுத்த குறி வருவதில் எவ்வளவு உரிமை உண்டு, எவ்வளவு கட்டுப்பாடு உண்டு என்று அவர்கள் அளந்தனர். கட்டற்ற வரிசைக்கும் இறுகிய வரிசைக்கும் இடையே, பழந்தமிழ், சுமேரியம், வேத வடமொழி ஆகியவற்றின் அருகே, சிந்துவெளி வரிகள் நின்றன. பழந்தமிழ் என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர் பலர் கட்டுரையைப் படிக்காமலே கொண்டாடினர். அக்கட்டுரை சிந்துவெளி மொழி தமிழ் என்று சொல்லவில்லை. மொழியை எழுதிய எழுத்தாக இருத்தல் கூடும் என்ற அளவிலேயே நின்றது.

எதிர்ப்பும் வலுவானதே. மொழியல்லாத சின்ன முறை என்று அவர்கள் ஒப்பிட்டவற்றுள் முதன்மையானவை, முற்றும் தாறுமாறாகவும் முற்றும் இறுக்கமாகவும் செயற்கையாக அமைத்துக்கொண்ட வரிசைகள். உலகில் வழங்கும் சின்ன முறைகள் அப்படி இருப்பதில்லை என்றார் ஸ்புரோட். மெசப்பொத்தேமியக் கற்களில் காணும் தெய்வச் சின்னங்கள் முதலான மெய்யான தொகுதிகளைத் திரட்டி 2014-இல் மறுபடியும் கணக்கிட்டார். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வழக்கு முழுவதும் தங்கியிருக்கின்றது. இவ்வகையில் ஸ்புரோட் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் கருத்து. அதற்காகச் சிந்துவெளிக் குறிகள் எழுத்தல்ல என்று அவர் மெய்ப்பித்துவிட்டார் எனக் கொள்வதற்கில்லை.

மற்றொன்றும் உண்டு. யாதவ் குழுவினர் 2010-இல் யாவரும் கட்டணமின்றிப் படிக்கும் இதழொன்றில் வெளியிட்ட கட்டுரையில், திரும்ப வருவன, சிதைந்தன, பல வரியாக உள்ளன முதலியவற்றை நீக்கி, 1,548 வரிகளையும் சுமார் 7,000 குறிகளையும் மட்டும் கொண்டதாகச் சொல்லுகிறார்கள். ஏறத்தாழப் பாதி ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு, வெளிப்படையாகவும் சொன்னார்கள். ஆனால் செய்தித்தாளில் இது வரும்போது அந்தப் பாதி பற்றிய பேச்சே இல்லாமற் போய்விட்டது.

இவற்றை இவ்வளவு விரித்தமைக்குக் காரணம், நமக்கு மிக இனிய செய்தி ஒன்று 2025 சனவரியில் வந்திருப்பதுதான். சிந்துவெளி கண்டறியப்பட்ட நூற்றாண்டையொட்டிச் சென்னையில் நடந்த கருத்தரங்கில், அவ்வெழுத்தைப் படிப்பவர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோரின் ஆய்வு நூலும் அப்போது வெளிவந்தது. தமிழ்நாட்டில் 140 இடங்களிலிருந்து கிடைத்த 15,184 கீறல் குறி ஓடுகளை ஆவணப்படுத்தி, 42 அடிப்படைக் குறிகளும் அவற்றின் திரிபுகளும் கூட்டுகளுமாக வகைப்படுத்திய பெரும்பணி அது. பாராட்டுக்கு உரியதே. ஆனால் மேடைகளில் ஒலிப்பது அந்த 15,184 அன்று. தமிழ்நாட்டுக் கீறல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 சிந்துவெளிக் குறிகளை ஒத்துள்ளன என்பதே.

இந்த விழுக்காடு நமக்குப் புதிதன்று. பி. பி. லால் 1960-இலேயே, பெருங்கற்காலக் குறிகளில் நூற்றுக்கு 89 அரப்பா மற்றும் செம்புக்கற்காலக் குறிகளோடு ஒக்கும் என்று படங்களுடன் எழுதினார். அறுபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பது உறவுக்குச் சான்றாகலாம். கூட்டல் குறி, ஏணி, அம்பு, இரட்டைக் கோடு போன்றவற்றை எந்த மக்களும் கீறுவார்கள் என்பதற்கும் சான்றாகலாம். இரண்டில் எது என்று அந்த எண் தானாகச் சொல்லாது. சிந்துவெளியில் குறிகள் வரிசையாக வருகின்றன. நம் ஓடுகளிலோ பெரும்பாலும் ஒன்றிரண்டாகவே நிற்கின்றன. வரிசையை ஒப்பிட வழி இல்லாதபோது வடிவம் ஒன்றையே நம்ப வேண்டியிருக்கிறது. வடிவமோ, மேலே கண்டவாறு, எண்ணுபவரின் தீர்ப்பைப் பொறுத்தது.

ஆகவே ஒவ்வோர் ஓட்டின் நிழற்படமும், அது கிடைத்த குழியும் மண்ணடுக்கும், சுடுமுன் கீறியதா சுட்டபின் கீறியதா என்ற குறிப்பும், எவரும் எடுத்து மீண்டும் வகைப்படுத்தத் தக்க முறையில் இணையத்தில் இருக்க வேண்டும். சிந்துவெளி ஆய்வு மையத்தைத் தன்னகத்தே கொண்ட சென்னை ரோஜா முத்தையா நூலகம், மகாதேவனின் தொடரடைவையே இணையத்தில் காணுமாறு செய்திருக்கிறது. முன்மாதிரி கண்ணெதிரே உள்ளது. பிறகு அந்த 42 அடிப்படைக் குறிகளையும் நமக்கு எவ்வகை உறவும் சொல்ல முடியாத இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சீனத்துப் பான்போவில் கிடைத்த பானைக் கீறல்கள் உண்டு. எகிப்தில் மன்னராட்சிக்கு முந்திய காலத்துப் பானைக் குறிகள் உண்டு. அங்கெல்லாம் ஒற்றுமை நூற்றுக்கு 30 என்று வந்தால் நம் 90-க்குப் பெரும்பொருள் உண்டு. அங்கும் 80 என்று வந்தால் வேறு வகையாகப் பேச வேண்டியிருக்கும்.