குழலின் அடியைப் படிப்போம்: நீலகிரியின் பழைய வேட்டைத் துப்பாக்கிகள்

நீலகிரியில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நான்கு பெயர்களுக்கு மேல் வருவதில்லை: ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ். தாத்தா காலத்துத் துப்பாக்கி பீரோவில் இருக்கும் குடும்பங்கள் முதலில் தேடுவது குழலின் மேல் பொறித்த பெயரைத்தான். அது இந்த நால்வரில் ஒருவருடையதாக இருந்தால் பெருமை. லியேஜ், ஸூல், ஃபெர்லாக் என்று வாயில் நுழையாத ஊர்ப் பெயராக இருந்தால், ‘ஏதோ பெல்ஜியம் சரக்கு’ என்று ஓரம் கட்டிவிடுவார்கள். துப்பாக்கியின் தரத்தைச் சொல்லும் எழுத்து மேலே இல்லை, குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கட்சி.

மலையின் தேவை

இம்மலையில் வேட்டை ஒரு கட்டுக்குள் வந்தது 1877இல். அந்த ஆண்டு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. லைசென்ஸ், சுடக்கூடாத பருவம் என்ற ஒழுங்கெல்லாம் அப்போது வேரூன்றியவை. தோட்டத்துரையான ஃபிளெட்சர் 1911இல் நீலகிரி, வயநாடு வேட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதுமளவுக்கு அது தொரைமார் வாழ்க்கையின் பகுதியாக இருந்தது.

இங்கே மூன்று விதமான இலக்குகள் இருந்தன. முக்கூர்த்திப் பக்கத்துப் பாறைச் சரிவில் நிற்கும் வரையாட்டுக்குத் தொலைவில் நேராகப் போகும், தோளில் சுமக்க இலகுவான சிறுகுழல் வேண்டும். சோலைக்காட்டுக் கடமானுக்கு நடுத்தர அளவு போதும். முதுமலை, வயநாட்டுப் பக்கத்துக் காட்டெருமைக்கு நெருக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு குண்டு இறக்கும் இரட்டைக் குழல் ரைஃபிள் வேண்டும். மூன்றையும் லண்டன் பட்டறைகளில் வாங்கத் தோட்டத்து உதவி மேனேஜரின் சம்பளம் இடம் கொடுக்காது. பம்பாயில் 1891இல் கிளை திறந்த ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸின் விலைப்பட்டியலும், சென்னையின் பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவின் மான்டன், ரோடா போன்ற கடைகளும்தான் அவருக்குக் கதி. குழலின் மேல் அந்தக் கடையின் பெயர் இருக்கும். செய்தவர் பர்மிங்காமில் இருக்கலாம், லியேஜிலும் இருக்கலாம். மேற்பெயர் பல நேரம் விற்றவரின் பெயர் என்பது முதல் பாடம்.

நான்கு பட்டறை மரபுகள்

ஆங்கில மரபுக்கு இரண்டு முகம். லண்டன், ஒவ்வொரு துப்பாக்கியையும் வாங்குபவரின் தோளுக்கு அளந்து செய்தது. பர்மிங்காம், ஊர் உலகத்துக்கெல்லாம் குழலும் பூட்டும் செய்து கொடுத்தது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சனும் டீலியும் 1875இல் உருவாக்கிய பெட்டிப்பூட்டு அமைப்பு, ஐரோப்பா முழுவதும் இரட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கு இலக்கணமாகிவிட்டது. அமைப்பு ஒன்றுதான். இரும்போடு இரும்பு எவ்வளவு நெருங்கிப் பொருந்துகிறது என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் அதிகம் அவமானப்பட்ட மரபு. மலிவுத் துப்பாக்கிகளையும் அங்கே கூடை கூடையாகச் செய்தார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று மயங்கும்படி ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று மட்டும் பொறித்து விற்ற சரக்கும் உண்டு. ஆனால் அதே நகரத்தில் 1810இல் தொடங்கிய ஃபிராங்கோட் பட்டறையின் நல்ல வேலை, எந்த ஆங்கிலப் பட்டறைக்கும் பக்கத்தில் வைக்கத் தக்கது. ஆகவே லியேஜ் துப்பாக்கியை ஊரை வைத்து எடைபோட வழியில்லை. ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மன் மரபில் ஸூல் நகரம் இரட்டைக் குழலுக்கும், இரண்டு ரவைக்குழலோடு ஒரு ரைஃபிள் குழலைச் சேர்த்த முக்குழல் துப்பாக்கிக்கும் பேர்போனது. 1751இல் தொடங்கிய ஸாவர், 1898இல் தொடங்கிய மெர்கெல் இரண்டும் இந்த ஊரைச் சேர்ந்தவை. குருப் எஃகு என்ற முத்திரை குழலில் இருந்தால் அதை வெறும் அலங்காரமாக நினைக்க வேண்டாம். ஓபெர்ன்டோர்ஃபின் மௌசர் ஆலை போல்ட் அமைப்புக்குத் தாய்வீடு. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாகக் கிடைத்தது ரிக்பி பெயர் தாங்கிய .275 ரைஃபிள். அதன் போல்ட் அமைப்பு மௌசர், தோட்டாவும் ஜெர்மானியரின் 7×57 மௌசர் தோட்டாவே. லண்டன் பெயருக்குள் ஓபெர்ன்டோர்ஃப் ஒளிந்திருக்கும் இக்கதையை நினைவில் வைத்தால், ரிக்பி என்றால் கும்பிடுவதும் மௌசர் என்றால் முகம் சுளிப்பதும் எவ்வளவு பொருந்தாதது என்பது புரியும்.

ஆஸ்திரிய மரபு நீலகிரிக்கு மிக நெருங்கியது. ஃபெர்லாக் பட்டறைகள் ஆல்ப்ஸ் மலையில் பாறை ஏறுகிறவனுக்காகத் துப்பாக்கி செய்தவை. எடை குறைவு, சமநிலை மிகுதி. ஷாமா என்னும் மலையாட்டுக்காகச் செய்த கருவி வரையாட்டுச் சரிவுக்கும் பொருந்துவது இயல்புதானே. ஸ்டையர் ஆலையின் 1903ஆம் ஆண்டு மாதிரியான மான்லிகர்-ஷோனவர் இன்னொரு பொக்கிஷம். தோட்டாக்கள் சுழலும் உருளையில் அமர்ந்து ஒவ்வொன்றாக மேலேறும். போல்ட்டை ஒரு விரலால் இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வரும். ஆங்கிலக் கடைகள் இதையே .256 என்று விற்றன.

தரம் பார்க்கும் முறை

நகைக்கு ஹால்மார்க் எப்படியோ, துப்பாக்கிக்குச் சோதனை முத்திரை அப்படி. வழக்கத்தைவிட அதிக மருந்து திணித்து அரசு அங்கீகரித்த சோதனைச் சாலையில் சுட்டு, தாங்கிய குழலில்தான் முத்திரை குத்துவார்கள். லண்டனில் இம்மரபு 1637இல் பட்டயம் பெற்ற துப்பாக்கிக் கொல்லர் சங்கத்தோடு தொடங்குகிறது. லியேஜ் சோதனைச் சாலை 1672, பர்மிங்காம் 1813. முட்டை வடிவுக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்து லியேஜ். கிரீடத்தின் கீழ் பி, யூ, ஜி எழுத்துகள் ஜெர்மனி. பல ஜெர்மன் குழல்களில் சோதித்த மாதமும் ஆண்டும்கூட இருக்கும். பிரிட்டனில் சோதித்த அந்நியத் துப்பாக்கிகளில் ஒரு காலத்தில் ‘ஆங்கிலத் தயாரிப்பு அல்ல’ என்ற வாசகத்தையே குத்தினார்கள். இன்று அதைக் குறையாகப் படிப்பவர் பலர். உண்மையில் அது இரண்டாவது நாட்டிலும் சோதனையைத் தாங்கியதற்குச் சான்று.

முத்திரையில் முக்கியமாகப் படிக்க வேண்டியது, குழல் எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பது. கருமருந்துக் காலத்துக் குழலில், குறிப்பாகக் கம்பி முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில், புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போடுவது விரல்களைப் பணயம் வைப்பதாகும். கருமருந்திலிருந்து புகையில்லா மருந்துக்கு மாறியதன் நினைவுச் சின்னம் குன்னூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1903இல் நிறுவிய அருவங்காடு கார்டைட் தொழிற்சாலைதான் அது. கார்டைட் வெப்பத்தில் அழுத்தம் ஏறும் புகையில்லா மருந்து. அதனால்தான் இந்தியாவுக்கென்று செய்த பெரிய துப்பாக்கிகளின் தோட்டாக் கூடுகள் அவ்வளவு நீளமாக, அழுத்தம் குறைவாக இருந்தன.

அடுத்து குழலின் உட்புறம். அக்காலத் தோட்டாவைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் உள்ளே படிவது ஒரு வகை உப்பு. அது ஈரத்தை இழுக்கும். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி மூடுபனிக்குள் ஓரிரவு கழுவாமல் வைத்த குழலில் துரு குழிபறித்துவிடும். ரங்கூன் எண்ணெய் மட்டும் பூசினால் உப்பு போகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவியாக வேண்டும். ஆகவே இம்மலைத் துப்பாக்கி ஒன்றின் உட்புரி இன்றும் கண்ணாடியாக மின்னினால், வைத்திருந்தவரின் ஒழுக்கத்துக்கு அதுவே சாட்சி.

பின்பு பூட்டு. முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலை அசைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா பாருங்கள். மேலே இருக்கும் நெம்புகோல் நடுக்கோட்டுக்கு வலப்புறம் நின்றால் தேய்மானம் குறைவு. இடப்புறம் தாண்டியிருந்தால் நிறைய உழைத்திருக்கிறது. திருகாணிகளின் வெட்டுகள் குழலோடு ஒரே திசையில் நிற்பதும், பிடிக்கழுத்தில் வாதுமைக் கட்டையின் நரம்பு நேராக ஓடுவதும் நல்ல கொல்லனின் கையெழுத்து. இரட்டைக் குழல் ரைஃபிளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. இரண்டு குழலும் ஒரே இடத்தில் குண்டு இறக்கும்படி, குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கென்று சுட்டுச் சுட்டுப் பற்றவைத்திருப்பார்கள். பிற்காலத்தில் யாராவது பிரித்து ஒட்டியிருந்தால் அந்த இசைவு போய்விடும், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும்.

விலையின் தலைகீழ்க் கணக்கு

தரம் ஒன்று, விலை இன்னொன்று. இந்தியாவில் இரண்டும் பிரிந்து போனதற்குச் சட்டமும் தோட்டாவும் காரணம். 1907ஐ ஒட்டி .450 அளவுக்கு இங்கே தடை வந்ததும், ஆங்கிலப் பட்டறைகள் .470, .465 என்று புதிய அளவுகளுக்குத் தாவின. ராணுவத்தின் .303 குடிமக்களுக்குக் கிடைக்காததால் .315 பரவியது. அதுவும் ஆஸ்திரிய மான்லிகர் ராணுவத் தோட்டாவின் வாரிசு. சுதந்திரத்துக்குப் பின் இஷாப்பூர் ரைஃபிள் ஆலை அந்த .315ஐயே தொடர்ந்து செய்தது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றது. 2019 திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்று வரம்பு கட்டியது.

விளைவு விசித்திரமானது. தோட்டா எளிதில் கிடைக்கும் சாதாரண .315க்கு ஆள் வருகிறது. தோட்டா கிடைக்காத அருமையான ஆஸ்திரிய ரைஃபிளுக்கு வருவதில்லை. வரம்பைத் தாண்டியதால் ஒன்றை விட வேண்டிய குடும்பம் விடுவது பெரும்பாலும் பெயர் தெரியாததைத்தான். எதை விடுவது என்று முடிவெடுக்கும் அந்த நாளில்தான் தரம் பார்க்கும் அறிவு பயன்பட வேண்டும்.

ஆகையால் கைமாறும் முன் மூன்று வேலைகள் செய்யுங்கள். ஒன்று, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் முன்னிலையில் குழலைக் கழற்றி, அடிப்பக்க முத்திரைகளையும் எண்களையும் தெளிவாகப் படமெடுங்கள். இரண்டு, ஆங்கிலப் பட்டறையானால் எண்ணைக் கொண்டு அவர்களின் பழைய பேரேட்டில் விசாரியுங்கள். ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. 1945இல் பிரெஞ்சுப் படை ஓபெர்ன்டோர்ஃபைப் பிடித்தபின் மௌசர் ஆவணங்கள் சிதறிவிட்டதால், மௌசர் துப்பாக்கிக்கு முத்திரையே வரலாறு. மூன்று, பழைய லைசென்ஸ் புத்தகம், கடை ரசீது, வேட்டைப் பர்மிட் எதையும் தூக்கிப் போடாமல் துப்பாக்கியோடு சேர்த்து வையுங்கள். யார் செய்தது, எந்த மருந்துக்குச் சோதித்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது என்ற மூன்றும் தெரிந்த லியேஜ் துப்பாக்கி, ஒன்றும் தெரியாத லண்டன் துப்பாக்கியைவிட இம்மலைக்கு மதிப்பு மிக்கது.