மேலேயே நிற்கும் ஜன்னல்

திருவண்ணாமலையில் முகூர்த்த மாதம் வந்தால் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை வேலை குவியும். கையால் எழுதிய பெயர்ப் பட்டியல் வாட்ஸ்அப்பில் படமாக வரும். அதைப் பார்த்துத்தான் டைப் அடிக்க வேண்டும். வேர்டைத் தொட்டதும் படம் பின்னால் போய்விடும். மறுபடி ஆல்ட்-டேப், மறுபடி தேடல்.

மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற துணை மென்பொருளில் 2022-ல் வந்த ஒரு வசதி இந்த அலைச்சலைத் தீர்த்தது. படம் திறந்திருக்கும் ஜன்னலில் விண்டோஸ், கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுற்றிலும் வண்ணக்கோடு விழும். பிறகு எதைத் திறந்தாலும் அந்த ஜன்னல் மேலேயே நிற்கும். அத்தகைய ஜன்னல்களை விண்டோஸ் மற்றவற்றுக்கு மேலே தனி வரிசையில் வைப்பதே காரணம். தாய்மாமன் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். லினக்ஸ் மின்ட்டில் என்றால், தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து மெனுவில் இதே வசதியைத் தேர்ந்தெடுத்தாலே போதும். விண்டோஸ் என்றால், பவர்டாய்ஸ் இலவசம்தான், இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.