பாதி படித்த நூல்

"அரசே, விலகி நில்!"

பொதுக்கொள்கை பற்றிய வாதம் எங்கே நடந்தாலும் இந்த முழக்கம் கேட்கிறது. பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடாதே, வரிப்பணம் பாழ்! இட ஒதுக்கீடு என்று குறுக்கே வராதே, திறமை தானே முந்தும்! இப்படிப் பேசுவோர் தமக்குச் சான்றாக அழைத்து வருகிற அறிஞர், ஆங்கில நாட்டு ஜான் ஸ்டூவர்ட் மில். கையில் ஏந்தி வருகிற ஏடு, அவர் 1859இல் வெளியிட்ட 'ஆன் லிபர்ட்டி' எனும் விடுதலை பற்றிய நூல்.

அந்நூலைக் கல்லூரி நாளில் நானும் படித்தேன். தேர்வுக்காகப் படித்தேன், தேர்வு முடிந்ததும் மறந்தேன். ஆசிரியப் பணிக்கு வந்தபின் மீண்டும் எடுத்தேன், மெல்லப் படித்தேன். வியப்பு மேலிட்டது. மில்லைத் துணைக்கழைப்போர் அந்நூலில் ஒரு பாதியைப் படிக்கவில்லை. மற்றொரு பாதியை, வருத்தத்தோடு சொல்கிறேன், நாம் படிக்கவில்லை.

நூலின் கரு எளியது. வயது வந்த ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்தச் சமுதாயத்துக்கு உரிமை உண்டா? உண்டு, பிறருக்கு அவன் தீங்கு செய்யாமல் தடுக்க மட்டும். அவனுடைய நன்மைக்காகவே செய்கிறோம் என்று கூறிக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. அறிவுரை கூறலாம், வாதாடலாம், கெஞ்சலாம், விலங்கு பூட்டலாகாது. இதுதான் மில் கிழித்த கோடு.

ஆனால், விலங்கு பூட்டுபவன் யார்? அரசன் மட்டுமா? அதிகாரி மட்டுமா? இல்லை என்கிறார் மில், முதல் இயலிலேயே! சமுதாயமே கொடுங்கோலனாக மாறுவதுண்டு. அரசின் கொடுமையிலிருந்து தப்ப வழி உண்டு, சமுதாயத்தின் கொடுமையோ அன்றாட வாழ்வின் இடுக்குகளுக்குள்ளும் புகுந்து உள்ளத்தையே அடிமையாக்கிவிடும் என்று எச்சரிக்கிறார். மூன்றாம் இயலில் வழக்கம் என்னும் கொடுங்கோன்மையைச் சாடுகிறார்.

இதைப் படிக்கும்போது ஈரோட்டு முழக்கம் காதில் விழவில்லையா? தெருவைப் பிரித்தது எந்த அரசாணை? கிணற்றைப் பிரித்தது எந்தச் சட்டசபை? சுடுகாட்டையும் பிரித்து வைத்த சாதிக்குக் காவலர் படை எதற்கு? வழக்கமே அதன் வாள், ஊர்வாயே அதன் சிறை! அத்தகைய இடத்தில் "அரசே, விலகி நில்" என்று சொன்னால் என்ன பொருள்? "சாதியே, நீயே பார்த்துக்கொள்" என்பதல்லவா பொருள்!

சான்று வேண்டுமா? 1953ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு சென்னை மாநில முதல்வர் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொணர்ந்தார். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாயிற்று. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகவேண்டும் என்றார். பணமும் ஆசிரியரும் போதவில்லை, இரு வேளையாக நடத்தினால் பிள்ளைகள் பலர் படிக்கலாம் என்று காரணம் கூறப்பட்டது. அக்காரணத்தை மறைப்பது நேர்மையாகாது. கைத்தொழில் கற்பதும் இழிவன்று. அப்பன் தொழில் என்பதற்காகவே மகனை அதில் கட்டிப்போடுவதுதான் இழிவு! சவரக்கத்தியையும் சலவைக்கல்லையும் பிறப்பின் முத்திரையாக்கிய நாட்டில், குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் கொதித்ததில் வியப்பென்ன? 1954இல் காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதே ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சியைக் கண்டார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ஆட்சி என்று தில்லியைச் சாடினார். அச்சாடலில் உண்மை இருந்தது. தொழில் தொடங்க விழைவோன் அதிகாரியின் வாசலில் ஏன் தவம் கிடக்கவேண்டும்? 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமக் கட்டாயம் நீக்கப்பட்டது, வரவேற்கத்தக்கதே. நாம் கேட்பது ஒன்றுதான். எந்தத் தொழிலை நடத்துவது என்று தெரிவு செய்யும் உரிமை ஆலை அதிபருக்கு வேண்டுமென்றால், சலவைத் தொழிலாளியின் மகனுக்கு அது வேண்டாமா? கோட்டாவை உடைக்கக் கிளம்பிய கோடரி, குலத்தின் முன் ஏன் கூர் மழுங்கியது?

அதே 1953இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. புரோகிதரின்றி, சடங்கின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனம் ஒத்த இருவர், ஊரறிய இணைந்தவர், சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி அல்லர்! அண்ணாவின் அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும் என்றது. முன்னர் அவ்வாறு நடந்த மணங்களும் செல்லும் என்றது. அச்சட்டம் எவரையேனும் புரோகிதரை விலக்கு என்று கட்டாயப்படுத்திற்றா? இல்லை! வேண்டுவோர் அழைத்துக்கொள்ளலாம், வேண்டாதோர் விட்டுவிடலாம். மில்லின் கோட்டில் ஓர் இம்மியும் பிசகாத சட்டம் அது.

ஆகவே, அரசு தலையிட்டதா, விலகி நின்றதா என்பது விடுதலையின் உரைகல் அன்று. ஒருவனுடைய வாழ்வில் தெரிவு விரிந்ததா, சுருங்கியதா என்பதே உரைகல். அரைநாள் பள்ளி தெரிவைச் சுருக்கியது. திருமணச் சட்டம் தெரிவை விரித்தது. இரண்டும் அரசின் செயல்களே!

பிள்ளைக்குச் சோறு போடுவது? 1920இல், நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி தந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. இதை இலவசம் என்று இகழ்வோர் மில்லின் ஐந்தாம் இயலைத் திறந்து பார்க்கட்டும். பெற்ற பிள்ளைக்குக் கல்வி தராதது அப்பிள்ளைக்கும் சமுதாயத்துக்கும் இழைக்கும் குற்றம் என்கிறார். கல்வியை அரசு கட்டாயமாக்கலாம், ஏழைக்குக் கட்டணத்தையும் அரசே செலுத்தலாம் என்கிறார். இங்கிலாந்து 1870இல் பள்ளி வாரியங்கள் அமைத்தது, 1880இல்தான் வருகையைக் கட்டாயமாக்கியது. மில் அதற்கு முன்பே கேட்டுவிட்டார்! கட்டணத்தைக் கட்டிவிட்டால் போதுமா? காய்ந்த வயிறு பாடம் கேட்குமா? வரிப்பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள், அது குடிமகனின் உரிமை. ஆனால் மில்லின் பெயரால் தட்டைப் பறிக்காதீர்கள்.

மில்லை இவ்வளவு புகழ்ந்தேன், குறையே இல்லையா? உண்டு. பெருங்குறை உண்டு. விடுதலைக்கு இலக்கணம் வகுத்த இவர், 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்லர். தம் கோட்பாடு, பக்குவம் அடையாத மக்களுக்குப் பொருந்தாது என்று முதல் இயலிலேயே எழுதிவிட்டார். அத்தகையோருக்கு அக்பர் போன்ற ஓர் ஆட்சியாளன் வாய்த்தால் அவனுக்குக் கீழ்ப்படிவதே வழியாம்! பக்குவத்தை அளப்பவன் யார்? ஆள்பவனே! அளவுகோலும் அவனுடையது, துலாக்கோலும் அவனுடையது. உனக்கு இன்னும் தகுதி வரவில்லை என்ற அக்குரல் நமக்குப் புதிதா? ஏட்டைத் தொடாதே, கோவிலுக்குள் நுழையாதே என்று நாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட குரலல்லவா அது! 1867இல் நாடாளுமன்றத்தில் பெண்ணுக்கும் வாக்குரிமை கேட்டு, 'ஆண்' என்ற சொல்லை நீக்கி 'ஆள்' என்று எழுதச் சொன்ன மனிதர் மில். 73 பேர் ஆதரித்தனர், 196 பேர் எதிர்த்தனர், தோற்றார். தன் நாட்டுப் பெண்ணுக்காகத் தோற்கவும் துணிந்த அந்த நெஞ்சம், நமக்காக ஒரு வரியைத் திருத்தியிருக்கலாகாதா?

இனி, நாம் படிக்காத பாதிக்கு வருவோம்.

கல்வியை அரசு கட்டாயமாக்கட்டும் என்ற மில், கல்வி முழுவதையும் அரசே நடத்துவதற்கு அஞ்சினார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்த்தெடுக்கும் பட்டறையாகப் பள்ளி மாறிவிடும், ஆள்வோருக்குப் பிடித்த அச்சே அங்கு அச்சாகும் என்றார். அரசுப் பள்ளி பல முயற்சிகளுள் ஒன்றாக மட்டும் இருக்கட்டும் என்பது அவர் முடிவு. அம்முடிவை நான் ஏற்கவில்லை. பிறர் கதவடைத்த நாளில் நம் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு அரசுப் பள்ளிதான். ஆனால் அந்த அச்சத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஏனெனில் 1933இல் 'குடிஅரசு' தலையங்கத்துக்காகப் பெரியார் சிறை புகுந்தார். 1950இல் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணா தண்டிக்கப்பட்டார். மாற்றுக் கருத்துக்கு மதிப்புக் கேட்டு வளர்ந்த இயக்கம் இது. 1967இல் ஆட்சி கைக்கு வந்தது, பாடநூல் எழுதும் கோலும் உடன் வந்தது. அக்கோலால் நாம் என்ன செய்கிறோம்?

அண்மையில் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பெரியார் சொன்னதிலும் தவறு இருக்கலாமா?" என்றான். வகுப்பு முணுமுணுத்தது. எனக்குச் சினம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது இரண்டாம் இயல் நினைவில் எழுந்தது. எதிர்ப்பைச் சந்திக்காத கருத்து, உண்மையே ஆனாலும் உயிரற்ற வாய்ப்பாடாகிவிடும் என்கிறது அந்த இயல். யார் சொன்னாலும் உன் அறிவு கொண்டு ஆராய்ந்து பார் என்று ஊரூராகச் சொன்னவரும் பெரியார்தானே! அவர் பெயரால் ஒரு கேள்வியை அடக்கினால், நான் ஆசிரியனா, புரோகிதனா?

"எது தவறென்று கருதுகிறாய்? காரணத்தோடு எழுதிக்கொண்டு வா" என்றேன். மறுநாள் நான்கு பக்கம் எழுதி வந்தான். இரண்டு பக்கத்தை மறுத்தேன். ஒரு பக்கத்துக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். எஞ்சிய பக்கத்தில் அவன் சொன்னதே சரி!