‘இயற்கை’ என்னும் சிகை

ஆஃப்ரோவுக்கு ‘நேச்சுரல்’ என்று இன்னொரு பெயர். இந்தப் பெயரில்தான் எனக்குச் சிக்கல்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர், சூடான சீப்பாலும் காரம் கலந்த பசையாலும் மயிரை நேராக்குவதை விட்டொழித்தார்கள். சுருளை வளரவிட்டுத் தலையைச் சுற்றிக் கோளமாக உப்பவைத்தார்கள். ‘கறுப்பே அழகு’ என்ற முழக்கம் உடலில் எழுதப்பட்டது இப்படித்தான். 1970இல் எஃப்.பி.ஐ. ஒட்டிய ‘தேடப்படுவோர்’ சுவரொட்டியில் ஏஞ்சலா டேவிஸின் தலை நாடறிந்த குறியாயிற்று. அதே மாதிரித் தலை வைத்திருந்த பெண்களையெல்லாம் போலீஸ் வழிமறித்ததைப் பற்றி 1994இல் அவரே எழுதினார். 1972இல் குற்றமற்றவர் என்று விடுதலையான அவருக்கு, தன் அரசியல் கழன்றுபோய் வெறும் சிகையாகத் தான் நினைக்கப்படுவதில் பெரிய மனத்தாங்கல்.

ஆனால் ‘நேச்சுரல்’ தானாக நிற்பதில்லை. நீண்ட பல் சீப்பை வேரில் விட்டுத் தூக்கித் தூக்கி விடணும். உருண்டை வர ஓரம் கத்தரிக்கணும். ராத்திரி படுத்து எழுந்தால் ஒரு பக்கம் அமுங்கிக் கிடக்கும். இயற்கை என்பது இங்கே அன்றாட உழைப்பு.

கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்று நக்கீரரையும் சிவனையும் மோதவிட்ட மரபு நம்முடையது. அந்தக் கதையில் கூந்தலுக்குரியவள் வாயே திறக்கவில்லை. 1981இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தபோது வழக்குப் போட்டவளே அவள்தான். மண்டையோடு ஒட்டிய வரிவரியான பின்னலை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அனுமதிக்கவில்லை என்று அதன் ஊழியரான கறுப்பினப் பெண் வழக்காடினார். ஆஃப்ரோவைத் தடுத்தால் இனப்பாகுபாடு ஆகலாம், ஏனென்றால் அது இயற்கை. பின்னல் செயற்கை, அதைத் தடுக்கலாம் என்றது நீதிமன்றம். போதாக்குறைக்கு, ‘10’ (1979) என்ற படத்தில் ஒரு வெள்ளை நடிகை அந்தப் பின்னலைப் பிரபலமாக்கியதையும் தீர்ப்பு குறித்துக்கொண்டது.

இயற்கை/செயற்கை என்ற இந்த முரண் இணை யாருக்கு வேலை செய்கிறது? கறுப்பு உடலுக்கு இயற்கை உண்டு, பண்பாடு கிடையாது என்கிறது அது. பிறப்போடு வந்ததென்றால் சகித்துக்கொள்ளும். தானே செய்துகொண்டதென்றால் அவிழ்க்கச் சொல்லும். ‘நேச்சுரல்’ என்ற கலகச் சொல்லும் தெரியாமலே இந்த வலைக்குள் போய் நின்றுவிட்டது. கலிபோர்னியா 2019இல் இயற்றிய ‘கிரவுன்’ சட்டம் மயிரின் தன்மையோடு பின்னலையும் சடையையும் முறுக்கையும் சேர்த்துக் காத்தபோதுதான் கைவேலைக்கும் உரிமை கிடைத்தது.

நான் நக்கீரர் கட்சி. மணம் பூவும் சாந்தும் தந்ததாகவே இருந்துட்டுப் போகட்டும். அவள் செய்துகொண்டது என்பதாலேயே அது அவளுடையது.