சஹனும் தராசும்

மூதூரில் ஒரு வலீமா, கலியாண விருந்து. சேர்ந்துண்ணும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி ஆறு பெண்கள். நடுவில் நெய்ச்சோறு, அதன்மேல் மாட்டிறைச்சி, கோழி, ஓரத்தில் அச்சாறு. யார் எத்தனை கவளம் எடுத்தார் என்று எவரும் எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. ஆனால் ஒருத்தி தன் பக்கத்துச் சோற்றை விரலால் அளைந்துகொண்டே இருந்தால், நல்ல இறைச்சித் துண்டொன்றை மாமியின் கை அவள் பக்கம் தள்ளிவிடும். "என்ன மகள், சாப்பிடுறல்லையா? மெலிஞ்சு போனீங்க." அதே மாமி கலியாணப் பேச்சு வரும்போது இன்னொருத்தியைப் பற்றி, "புள்ள கொஞ்சம் உடம்புதான்" என்று குரலைத் தாழ்த்துவார்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளின் தொலைபேசிக்குள் இப்போது மூன்றாவது பேச்சு ஒன்று வந்திருக்கிறது: டயட்டை விடு, தராசைத் தூக்கி வை, உடம்பை இருக்கிறபடி ஏற்றுக்கொள். அமெரிக்காவில் 1969இல் பருமனானவர்களின் உரிமைக்காகத் தொடங்கிய இயக்கம் இதன் ஒரு வேர். 1995இல் ஈவ்லின் டிரிபோலி, எலிஸ் ரெஷ் என்ற இரு உணவியலாளர்கள் எழுதிய, பசியின் சொல் கேட்டுச் சாப்பிடச் சொல்லும் நூல் இன்னொன்று.

இந்த மூன்றாவது பேச்சின் பலம் பெரியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944இன் கடைசியில் தொடங்கிய ஆய்வொன்றில், அன்செல் கீஸ் 36 திடகாத்திரமான ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். எடை குறைந்ததோடு அது நிற்கவில்லை. அவர்கள் சமையற் புத்தகங்களைப் புரட்டினார்கள், தட்டை நக்கினார்கள், பேச்செல்லாம் சாப்பாடாகவே இருந்தது. பட்டினிக் காலம் முடிந்த பிறகும் சிலர் வயிறு நிறைந்தது தெரியாமல் தின்று தவித்தார்கள். பகலெல்லாம் வாயைக் கட்டி, இரவில் குசினிக்குள் நின்று அள்ளி விழுங்கிவிட்டுத் தன்னைத்தானே ஏசும் பெண்ணுக்கு இந்தச் செய்தி தேவை. அது அவளுடைய குணக்கேடு அல்ல, பட்டினி கிடந்த உடம்பின் பதில். வேடிக்கை என்னவென்றால், உடல் நிறைச் சுட்டெண்ணுக்கு 1972இல் அந்தப் பெயரை வைத்தவரும் இதே கீஸ்தான். அதன் சூத்திரத்தை 1832இல் வகுத்த கெட்லே மருத்துவரே அல்லர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடிய பெல்ஜியப் புள்ளியியலாளர்.

'இதெல்லாம் வெள்ளைக்காரர் வருத்தம்' என்று தள்ளவும் முடியாது. சென்னை மனநல மருத்துவர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 210 மருத்துவ மாணவர்களில் 31 பேரிடம் உணவு சார்ந்த மன உளைச்சல் தென்பட்டது.

ஆனால் குறைகளும் உண்டு. 'பசி சொல்வதைக் கேள்' என்ற அறிவுரை, கேட்கவே முடியாத நிலையில் இருப்பவளிடமும் சொல்லப்படுகிறது. நீண்ட நாள் பட்டினி கிடந்தவளுக்குப் பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது. ஒக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறை, பசிக்கிறதோ இல்லையோ மணி பார்த்து மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிறுதீனி என்றே தொடங்குகிறது. தராசையும் அது தூக்கி எறிவதில்லை. வாரம் ஒருமுறை சிகிச்சையாளருடன் சேர்ந்து நிறை பார்க்கிறார்கள், அந்த எண்ணின்மேல் உள்ள பயம் தெளியும்வரை.

இரண்டாவது குறை சீனி வருத்தத்தில் தெரிகிறது. 2005–06 ஆய்வின்படி இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. ஆசியர்களுக்குச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. உடம்பை வெறுக்காதே என்பது சரி. எந்த உடம்பும் சுகமான உடம்புதான் என்று அதை நீட்டினால், கிளினிக் வரிசையில் காலில் புண்ணோடு நிற்கும் உம்மாவிடம் அது எடுபடாது.

சஹனில் இறைச்சியைத் தள்ளிவிட்ட மாமியையும் முழுதாகக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 2006 ஓகஸ்டில் போரினால் ஊரே பெயர்ந்து கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அதே நாட்களில்தான் பட்டினிக்கு எதிராக இயங்கும் பிரெஞ்சு அமைப்பின் 17 பணியாளர்கள் மூதூரில் கொல்லப்பட்டார்கள். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்புக் கணக்கில் 94.9 வீதம். இப்படியான காலங்களைக் கண்டவருக்குச் சதைப்பிடிப்பு என்றால் பத்திரம். எதைச் சாப்பிடுவது என்று பசியைக் கேட்டுத் தெரிவுசெய்ய, பானையில் முதலில் இரண்டு வகையாவது இருக்க வேண்டும் அல்லவா?

மிகச் சிக்கலான இடம் ரமழான். சாப்பிடாமல் இருப்பதற்கு ஊரே மரியாதை தரும் ஒரு மாதம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, விட்டதைப் பிறகு களாவாகப் பிடிக்கலாம். ஆனால் உணவுக் கோளாறிலிருந்து தேறிவரும் பிள்ளை முதலில் தான் நோயாளி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காய்ச்சலென்றால் சொல்லிவிடலாம். சாப்பாட்டைக் கண்டால் பயம் என்பதை எந்தச் சொல்லால் சொல்வது? டயட்டை எதிர்க்கும் காணொளிகளில் இதற்கு விடை கிடைக்காது. சொல்லத் தொடங்க ஓர் இடம் உண்டு: தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம். அடுத்தது வீட்டில் யாராவது ஒருவர், சஹரில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபின் அவளுடைய பகல் சோற்றையும் ஒரு பீங்கானில் எடுத்து மூடி வைப்பது, ஏனென்று கேட்காமல்.